ஒரே வாளியில் மூன்று கிணற்றுத் தண்ணீர்

கேள்வி: உப்புவெளிக்கு அருகில் ஓர் அரிசிமா ஆலையில் தரப் பரிசோதகராக வேலை செய்கிறேன். 400 கிராம் பக்கற் நிரப்பும் லைன்கள் மூன்று இருக்கின்றன. எந்தப் பக்கற்றும் 398 கிராமுக்குக் குறையவும் கூடாது, 408ஐத் தாண்டவும் கூடாது என்பது முதலாளியின் கட்டளை. மணித்தியாலத்துக்கு ஒரு தடவை லைனுக்கு ஒரு பக்கற் எடுத்து நிறுத்து, மூன்றின் சராசரியைக் கொன்ட்ரோல் சார்ட்டில் குறிக்கிறேன். 398இலும் 408இலும் சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். நாலு மாதமாக ஒரு புள்ளிகூட வெளியே போகவில்லை. ஆனால் நிறை குறைகிறது என்று கடைகளில் இருந்து பக்கற்றுகள் திரும்பி வருகின்றன. இந்தச் சார்ட்டால் என்ன பிரயோசனம் என்று முதலாளி கேட்கிறார். புதிதாக வாங்கிய மூன்றாவது மெசினைத் திருப்பிக் கொடுக்கவும் யோசிக்கிறார். போன மாதம் ஒரு பயிற்சியில் சொன்னபடி, ஒவ்வொரு லைனிலும் ஐந்தைந்து பக்கற்றாக 25 தொகுதி நிறுத்த தாள்களை இத்துடன் அனுப்புகிறேன். நான் எங்கே பிழை விட்டேன்?
பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருகோணமலை

பதில்: அந்த மெசினைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம் என்று முதலாளியிடம் இன்றைக்கே சொல்லுங்கள். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். நீங்கள் அனுப்பிய தாள்களைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. 375 பக்கற்றின் நிறையும் ஒவ்வொன்றாக, எடுத்த வரிசை மாறாமல், நேரத்தோடு, யார் மெசினில் நின்றார் என்பதோடு எழுதியிருக்கிறீர்கள். பெரிய தொழிற்சாலைகளில்கூட இப்படி ஒரு பதிவு கிடைப்பது அரிது. உங்கள் கேள்விக்கான விடை முழுக்க அந்தத் தாள்களிலேயே இருக்கிறது.

முதலில் அந்த நாலு மாதச் சார்ட். கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போயிருப்பீர்கள். ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில்தான், ஆனால் ஒவ்வொன்றின் சூடும் வேறு. ஒன்றில் அள்ளி ஊற்றினால் இதமாக இருக்கும், அடுத்ததில் கொஞ்சம் சுடும். ஏழிலும் ஒவ்வொரு வாளி அள்ளி ஒரு பெரிய தொட்டியில் ஊற்றி, தொட்டித் தண்ணீரின் சூட்டைத் தினமும் குறித்துவந்தால் என்ன தெரியும்? ஒரு கிணறு ஆறிப்போனாலும் தொட்டிக்குப் பெரிதாகத் தெரியாது. மற்ற ஆறும் அதை மறைத்துவிடும்.

உங்கள் சார்ட்டிலும் அதுதான் நடந்தது. உங்கள் மூன்றாம் லைன் ஒரு நாள் 6 கிராம் இறங்கிவிட்டது என்று வையுங்கள். மூன்றின் சராசரி 2 கிராம்தான் இறங்கும். 403 அளவில் இருக்கிற புள்ளி 401க்கு வரும். சிவப்புக் கோடு இன்னும் 3 கிராம் கீழே நிற்கும். கடைக்காரர் கையில் 396 கிராம் பக்கற், உங்கள் சுவரில் அமைதியான சார்ட். நாலு மாதமாக ஒரு புள்ளியும் வெளியே போகாதது லைன்கள் நன்றாக ஓடியதற்குச் சாட்சி ஆகாது. வெளியே போகவே முடியாத இடத்தில் கோடு நின்றது.

அந்தக் கோட்டிலும் ஒரு பிழை இருக்கிறது. 398, 408 என்பவை ஒரு தனிப் பக்கற்றுக்கு முதலாளி போட்ட எல்லை. சராசரியை அந்தக் கோட்டோடு ஒப்பிடக் கூடாது, ஏனென்றால் சராசரி தனிப் பக்கற் அளவுக்கு ஆடாது. கட்டுப்பாட்டு எல்லை என்பது முதலாளி விரும்புவதும் இல்லை, வாடிக்கையாளர் கேட்பதும் இல்லை. அந்த லைன் தன் பாட்டில் ஓடும்போது எவ்வளவு ஆடும் என்பதை அதன் நிறைகளில் இருந்தே கணக்கிட்டு எடுக்கிற கோடு அது. 1924 மே 16ஆம் திகதி வால்டர் ஷூஹார்ட் என்ற அமெரிக்கப் பொறியியலாளர் தன் மேலதிகாரிக்கு எழுதிய ஒரு பக்கக் குறிப்பில்தான் இந்த வரைபடம் முதன்முதலில் வந்தது. தொலைபேசிக் கருவிகள் செய்த இடம் அது. அன்று அவர் கேட்ட கேள்வியைத்தான் இன்று உங்கள் மா ஆலையிலும் கேட்கிறோம்: இந்த ஏற்ற இறக்கம் எப்போதும் இருக்கிறதா, அல்லது புதிதாக ஏதோ நடந்துவிட்டதா? சார்ட் இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லும். பக்கற் விற்கத் தகுந்ததா என்பது வேறு கேள்வி, அதற்கு வேறு கணக்கு.

சரி, இப்போது லைன் வாரியாகப் பார்ப்போம். ஐந்து பக்கற் கொண்ட ஒவ்வொரு தொகுதிக்கும் சராசரி ஒன்று, வீச்சு ஒன்று. வீச்சு என்றால் தொகுதியில் கூடிய நிறையில் இருந்து குறைந்த நிறையைக் கழித்தது, பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். 25 வீச்சுகளின் சராசரியை 0.577ஆல் பெருக்கி, மொத்தச் சராசரியோடு கூட்டினால் மேல் எல்லை, கழித்தால் கீழ் எல்லை. வீச்சுக்குத் தனிச் சார்ட் போட வேண்டும். அதன் மேல் எல்லை வீச்சின் சராசரியை 2.114ஆல் பெருக்கினால் வரும். கீழ் எல்லை பூச்சியம். இந்த இரண்டு எண்களும் ஐந்து பக்கற் தொகுதிக்கு மட்டும் பொருந்தும். நாலாகக் குறைத்தால் 0.729, 2.282 என்று மாறும்.

முதலாம் லைனில் சராசரி 403.1, சராசரி வீச்சு 3.8. எல்லைகள் 400.9, 405.3. 25 புள்ளியும் உள்ளே, ஏறி இறங்கி, எந்த ஒழுங்கும் இல்லாமல் கிடக்கின்றன. அப்படித்தான் கிடக்க வேண்டும். வீச்சை 2.326ஆல் வகுத்தால் தனிப் பக்கற்றின் நியம விலகல், அதாவது நிறைகள் சராசரியைச் சுற்றிச் சிதறுகிற அளவு வரும், சுமார் 1.6 கிராம். அதன் மூன்று மடங்கை இரு பக்கமும் போட்டால் 398.2 முதல் 408 வரை. முதலாளியின் எல்லைக்குள் மட்டுமட்டாக அடங்குகிறது. இந்த லைனில் யாரும் கை வைக்க வேண்டாம்.

இரண்டாம் லைனில் சராசரி 404, சராசரி வீச்சு 4. எல்லைகள் 401.7, 406.3. ஏழு புள்ளிகள் வெளியே. ஆனால் வீச்சைப் பாருங்கள், முதலாம் லைனுக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை. அடுத்தடுத்து விழும் ஐந்து பக்கற்றை இந்த மெசின் ஒழுங்காகத்தான் நிரப்புகிறது. மணித்தியாலத்துக்கு மணித்தியாலம்தான் துள்ளுகிறது. ஏன் என்று உங்கள் தாளின் ஓரத்திலேயே எழுதியிருக்கிறது. காலை 9 மணிக்குச் சராசரி 402.2, பக்கத்தில் ‘கூட்டினேன்’. 10 மணிக்கு 406.8, ‘குறைத்தேன்’. 11 மணிக்கு 401.1, மறுபடியும் ‘கூட்டினேன்’. 25 தொகுதியில் 19 தடவை ஒப்பரேட்டர் நிறையைக் கூட்டிக் குறைக்கிற திருகைத் தொட்டிருக்கிறார். 9 மணிக்கு வந்த 402.2 எல்லைக்குள் இருந்த புள்ளி, அதைத் தொட வேண்டிய தேவையே இருக்கவில்லை. அவர் தொட்டதால்தான் 10 மணிப் புள்ளி வெளியே போனது. அதைப் பார்த்துப் பயந்து திரும்பத் தொட்டதால் 11 மணிப் புள்ளி கீழால் போனது.

அவரை ஏசாதீர்கள். நிறை குறைந்தால் உடனே சரிசெய் என்று யாரோ சொல்லியிருப்பார்கள், அவர் மனச்சாட்சிப்படி செய்கிறார். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு பிஸ்கற் தொழிற்சாலையில் இதே கட்டளையை நானே ஒப்பரேட்டர்மாருக்குக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து, யாரும் தொடாத இரவு ஷிப்டில்தான் நிறை சீராக இருக்கிறது என்று கணக்கு காட்டியபோது எனக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை நாள் அந்த மனிதர்களை வீணாக அலைக்கழித்துவிட்டேனே என்ற கவலை இன்னும் போகவில்லை. இதைத் தரக் கட்டுப்பாட்டு நிபுணர் டெமிங் ஒரு புனலையும் கோலிக் குண்டையும் வைத்துக் காட்டுவார்: சும்மா ஆடுகிற ஒன்றை ஒவ்வொரு தடவையும் எதிர்ப்பக்கம் திருத்தினால், அதன் சிதறல் குறையாது, 1.41 மடங்காகக் கூடும். ஆகவே இரண்டாம் லைனுக்கு என் ஆலோசனை இவ்வளவுதான். சராசரியை 403க்கு ஒரு தடவை வையுங்கள். திருகில் ஒரு பெயின்ற் கோடு போடுங்கள். சார்ட்டில் சைகை வந்தால் ஒழிய (எது சைகை என்று கீழே சொல்கிறேன்) அந்தக் கோட்டை யாரும் நகர்த்தக் கூடாது. ஷிப்ட் மாறும்போது புதிதாக வருபவர் ‘தன் கைக்கு’ மாற்றி வைப்பதும் கூடாது.

இனி மூன்றாம் லைன். இதுதான் என்னை இரண்டு மணித்தியாலம் இருத்தி வைத்தது.

சராசரி 402.6, நல்லது. சராசரி வீச்சு 7.2, மற்ற லைன்களின் இரண்டு மடங்குக்குக் கிட்ட. எல்லைகள் 398.4, 406.8. 25 புள்ளியும் உள்ளே. மெசின் நிலையாக ஓடுகிறது, ஆனால் சிதறல் பெரிது, ஆகவே மெசினே மட்டம் என்று முதல் பார்வையில் யாரும் சொல்லிவிடுவார்கள். உங்கள் முதலாளியும் அப்படித்தான் நினைத்திருப்பார். ஆனால் புள்ளிகள் கிடக்கிற விதத்தைப் பாருங்கள். 25இல் 22 புள்ளிகள் நடுக்கோட்டை ஒட்டிய மூன்றிலொரு பங்குக்குள் ஒடுங்கிக் கிடக்கின்றன. இயல்பாக ஆடுகிற ஒரு செயல்முறையில் அந்தப் பகுதிக்குள் 17 அளவில்தான் இருக்க வேண்டும். புள்ளிகள் நடுக்கோட்டைக் கட்டிப்பிடித்தால் ‘அருமையாக ஓடுகிறது’ என்று சந்தோசப்படுகிறவர்கள் பலர். எனக்கு அதைப் பார்த்தாலே சந்தேகம் வரும். எல்லைகள் அளவுக்கு மிஞ்சி அகலமாக இருக்கின்றன, தொகுதிக்குள் ஏதோ இரண்டு விஷயம் கலந்திருக்கிறது என்பதற்கான அடையாளம் அது.

தொகுதிக்குள் போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை பின்னேரம் 3 மணித் தொகுதி: 400, 405, 399, 406, 400. அடுத்த தொகுதி: 404, 399, 405, 401, 406. இப்படியே தாள் முழுக்க, ஒன்று விட்டு ஒன்று. குறைவு, கூட, குறைவு, கூட. அப்புறம்தான் உங்கள் தாளின் தலைப்பில் சின்ன எழுத்தில் இருந்ததைக் கவனித்தேன்: ‘லைன் 3, இரட்டை வாய்’.

தங்கச்சி, உங்களிடம் இருப்பது மூன்று லைன் இல்லை, நாலு. மூன்றாவது மெசினின் இரண்டு வாய்களும் மாறி மாறி நிரப்புகின்றன. ஒன்று விட்டு ஒன்றாகப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரு வாயின் சராசரி 400.1, மற்றதின் சராசரி 405.1. ஒவ்வொரு வாயும் தனித்தனியே சுமார் 1.6 கிராம் நியம விலகலோடுதான் நிரப்புகிறது, முதலாம் லைனைப் போலவே. இரண்டையும் கலந்ததால்தான் வீச்சு ஊதிப்போய், எல்லைகள் அகலமாகி, சார்ட் குருடாகியது. கன்னியாத் தொட்டிக் கதையே திரும்பவும், இந்தத் தடவை ஒரே மெசினுக்குள்.

கடைகளில் இருந்து திரும்பி வருவதும் இதனால்தான். 400.1இல் நிற்கிற வாயில் இருந்து விழுகிற பக்கற்றில் ஏறக்குறையப் பாதி 400க்குக் கீழே. உங்கள் தாளிலேயே மூன்றாம் லைனின் 125 பக்கற்றில் 29 அப்படி இருக்கின்றன, எண்ணிப் பார்த்தேன். மற்ற வாயோ பக்கற்றுக்கு 5 கிராம் மாவைச் சும்மா அள்ளிக் கொடுக்கிறது. ஆயிரம் பக்கற்றுக்கு 5 கிலோ. நிறை குறைகிறது என்று பயந்து முழு லைனையும் கூட்டி வைத்திருந்தால் இந்த நட்டம் இன்னும் ஏறியிருக்கும். இரண்டு வாய்க்கும் தனித்தனித் திருகு இருக்கும். மெசின் கொடுத்தவர்களைக் கூப்பிட்டு இரண்டையும் 403க்குச் சமப்படுத்தச் சொல்லுங்கள். அதன்பிறகு ஒவ்வொரு வாயும் முதலாளியின் எல்லைக்குள் அடங்கும். இரண்டு வாய்க்கும் தனித்தனிச் சார்ட் வையுங்கள். ஒரு வாயில் இருந்து ஐந்து பக்கற் எடுக்க, விழுகிற பக்கற்றில் ஒன்று விட்டு ஒன்று எடுத்தால் போதும்.

தொகுதி எடுப்பதில் இதுதான் உயிர்நாடி. ஒரு தொகுதிக்குள் வருகிற ஐந்தும் ஒரே வாய், ஒரே மா, ஒரே ஒப்பரேட்டர், ஒரே சில நிமிடங்கள். வேறுபாடு இருக்கக்கூடிய எதையும் தொகுதிகளுக்கு இடையில் விட வேண்டும், தொகுதிக்குள் விடக் கூடாது. மணித்தியாலம் முழுக்கப் பரப்பி ஐந்து எடுக்கலாமா என்று சிலர் கேட்பார்கள். எடுத்தால், அந்த மணித்தியாலத்துக்குள் நடந்த மாற்றம் வீச்சுக்குள் புதைந்துவிடும்.

நாலு சார்ட்டையும் எப்படி வாசிப்பது? இரண்டு சைகை போதும். ஒரு புள்ளி எல்லைக்கு வெளியே போவது ஒன்று. தொடர்ந்து எட்டுப் புள்ளிகள் நடுக்கோட்டின் ஒரே பக்கத்தில் வருவது மற்றது. இன்னும் பல விதிகள் உண்டு, பயிற்சியில் பட்டியலே கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் ஒன்றாக வைத்தால் பொய்ச் சைகைகள் கூடி, ஒப்பரேட்டர்மார் சார்ட்டை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். முதல் விதியை மட்டும் வைத்தால்கூட, ஒன்றுமே நடக்காதபோது சராசரிச் சார்ட்டில் சுமார் 370 புள்ளிக்கு ஒன்று வெளியே போகும். நாலு சார்ட், இரண்டு ஷிப்டில் 16 மணித்தியாலம் என்றால் நாளுக்கு 64 புள்ளி. அதாவது ஆறு நாளுக்கு ஒரு தடவை அளவில் ஒரு வெறும் சைகை வரும். இதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். ஒரு புள்ளி வெளியே போனதற்காக யாரையாவது ஏசினால், அடுத்த புள்ளி வெளியே போகாது, பென்சில்தான் கொஞ்சம் உள்ளே தள்ளிக் குறிக்கும்.

சைகை வந்தால் முதலில் மெசினைத் தொடாதீர்கள், தராசைப் பாருங்கள். பக்கத்தில் ஒரு படிக்கல் வைத்துக்கொண்டு நிறுத்துப் பாருங்கள். மின்சாரம் போய் ஜெனரேற்றர் ஓடத் தொடங்கியதும் தராசின் பூச்சியம் நகர்ந்து, அதை மெசின் கோளாறு என்று நினைத்து அரை நாள் வேலையைக் கெடுத்த இடத்தை நான் பார்த்திருக்கிறேன். தராசுக்கு நேர்மேலே மின்விசிறி சுற்றினாலும் கடைசி இலக்கம் நிற்காது. வெறும் பையின் நிறையைக் கழித்துத்தான் நிறுக்கிறீர்களா என்பதையும் ஒருமுறை பாருங்கள், பை வாங்கும் இடம் மாறினால் அதுவும் மாறும்.

தராசு சரி என்றால் ஹொப்பரை, அதாவது மெசினுக்கு மேலே மா கொட்டுகிற தொட்டியைப் பாருங்கள். உங்கள் மெசின்கள் நிறையை அளந்து நிரப்புவதில்லை, உள்ளே மாவைத் தள்ளுகிற திருகு இத்தனை சுற்றுச் சுற்றினால் இவ்வளவு மா விழும் என்ற கணக்கில் கன அளவைத்தான் நிரப்புகின்றன. மா இறுகிக் கிடந்தால் நிறை கூடும், பொங்கிக் கிடந்தால் குறையும். ஹொப்பர் நிறைய இருக்கும்போது மேலே உள்ள பாரம் மாவை அழுத்தும், கால்வாசிக்கு இறங்கியதும் அந்த அழுத்தம் போய்விடும். ஹொப்பரில் பாதி மட்டத்தில் ஒரு கோடு போட்டு, மா அதற்குக் கீழே இறங்கும் முன்பே அடுத்த மூட்டையைக் கொட்டச் சொல்லுங்கள். வறுத்த மா சூடு ஆறாமல் வந்ததா, அரிசி மாறியதா, சல்லடை மாற்றினார்களா என்று கேட்டு, பதிலைச் சார்ட்டிலேயே அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் எழுதுங்கள். ஓரக்குறிப்பு இல்லாத சார்ட் வெறும் சுவர் அலங்காரம். இரண்டாம் லைன் விஷயத்தை நான் கண்டுபிடித்ததே அந்த ஒப்பரேட்டர் நேர்மையாக எழுதிய ‘கூட்டினேன்’, ‘குறைத்தேன்’ குறிப்புகளால்தான்.

ஒக்டோபர் கடைசியில் வாடை மழை தொடங்கினால் ஈரக் காற்றில் மா கட்டிபட ஆரம்பிக்கும். அப்போது நாலு சார்ட்டும் ஒரே நேரத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால், காரணம் மெசினில் இல்லை, மாவிலோ காற்றிலோ இருக்கிறது. லைனுக்கு ஒரு சார்ட் வைத்து, எல்லாவற்றையும் ஒரே அளவுகோலில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாகச் சுவரில் ஒட்டுவதன் பெரிய பலன் இதுதான். ஒன்று மட்டும் சாய்ந்தால் அந்த மெசின். எல்லாம் சாய்ந்தால் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று. உங்கள் பழைய சார்ட்டில் இந்த இரண்டையும் பிரிக்க வழியே இல்லை.

எல்லைகளை எப்போது மாற்றுவது என்பதில் கண்டிப்பாக இருங்கள். புள்ளிகள் வெளியே போகின்றன என்பதற்காக மாற்றக் கூடாது. வாயைச் சமப்படுத்தியது, திருகை மாற்றியது போல, காரணம் தெரிந்த, நிலைத்து நிற்கும் மாற்றம் நடந்தால் மட்டும் புதிதாக 25 தொகுதி எடுத்துக் கணக்கிடுங்கள். முதலாம் லைனில் சில நாள் 1 கிலோ பக்கற் ஓடுவதாகத் தாளில் குறித்திருக்கிறீர்கள். அதற்கு வேறு தாள் வையுங்கள். 400 கிராம் சார்ட்டில் சேர்க்க வேண்டாம்.

பென்சிலை ஒப்பரேட்டர் கையில் கொடுங்கள். கணினியில் அழகாகப் போட்டு மாதக் கடைசியில் முதலாளிக்குக் காட்டுகிற சார்ட்டால் 10 மணிக்கு மெசினில் நிற்கிறவருக்கு ஒரு உதவியும் இல்லை. ஒரு வரைபுத்தாள், ஒரு தட்டு, நூலில் கட்டிய பென்சில், அவ்வளவும் மெசினுக்குப் பக்கத்தில் தொங்கட்டும். ஐந்து நிறையைக் கூட்டி ஐந்தால் வகுக்க எல்லோருக்கும் முடியும். முதல் வாரம் நீங்கள் பக்கத்தில் நின்று காட்டிக் கொடுங்கள்.

வாய் இரண்டையும் சமப்படுத்திய பிறகு, நாலு சார்ட்டுக்கும் 25 தொகுதி சேர்ந்ததும் தாள்களை மறுபடியும் அனுப்புங்கள். மூன்றாம் லைனின் வீச்சுச் சார்ட்டைத்தான் முதலில் எடுத்துப் பார்ப்பேன். இரண்டு வாயிலும் சராசரி வீச்சு 4க்குக் கிட்ட வந்திருக்க வேண்டும்.